வாயுவா, திரவமா? குளோரினின் உருவம் பற்றிக் கொஞ்சம்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

குளோரின் என்ன நிறம் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை என்றுதான் பதில் வரும். மழைக்காலத்தில் தெருவோரம் தூவிவிட்டுப் போவது வெள்ளைப் பொடி. கிணற்றில் கரைத்து ஊற்றுவதும் அதே வெள்ளைப் பொடி. இன்னும் சிலர், அது தண்ணீராக இருக்கும், கேனில் வாங்குவோம் என்பார்கள். பள்ளிப் பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால், 'பசுமஞ்சள் நிற வாயு' என்று பாடப்புத்தக வரியை ஒப்பிக்கும். அந்தப் பிள்ளை சொல்வதுதான் சரி. ஆனால் அதுவும் கண்ணால் பார்த்திருக்காது.

நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவன். குளோரினோடுதான் பிழைப்பு ஓடியது. இங்கே பேசக் கூப்பிட்டபோது, குடிநீர்ச் சுகாதாரம் பற்றிப் பேசுங்களேன் என்றார்கள். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். குளோரின் பார்ப்பதற்கு எப்படி இருக்கும், எப்போது வாயுவாக இருக்கும், எப்போது திரவமாக இருக்கும், எப்போது கட்டியாகும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பாடப்புத்தகம் ஒரு வரியோடு முடித்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வரி போதாது. குளோரினோடு வேலை செய்கிறவனுக்கு முதல் கேள்வியே, 'இங்கே இப்போது இருப்பது வாயுவா, திரவமா?' என்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். இந்தக் கேள்வியை இன்று பலமுறை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த வெள்ளைப் பொடியை ஒதுக்கி வைத்துவிடலாம். பிளீச்சிங் பவுடர் என்பது நீற்றுச் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்வது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் டெனன்ட் என்பவர் 1799இல் காப்புரிமை வாங்கிய சரக்கு. நல்ல பொடியில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வேலைக்கு உதவும் குளோரின் கிடைக்கும். மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டால் நாளாக நாளாக வீரியம் போய்விடும். ஆனால் அந்த வெள்ளை, குளோரினின் நிறம் இல்லை. கால்சியத்தோடும் ஆக்சிஜனோடும் கட்டுண்டு கிடக்கும்போது குளோரினுக்குத் தன் நிறமே கிடையாது. நம் சமையல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் 60 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே குளோரின்தான். தூத்துக்குடி உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறதே, அதில் பாதிக்கு மேல் குளோரின். பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, நெடியும் இல்லை. அதே உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின் வாயுவாகக் கிளம்பும், மறுபக்கம் காஸ்டிக் சோடா கிடைக்கும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும், காவிரிக் கரையில் மேட்டூரிலும் இருக்கும் ஆலைகள் இந்தத் தொழிலில் பழையவை.

கட்டவிழ்ந்து தனியாக நிற்கும் குளோரினைப் பற்றித்தான் இன்று பேச்சு. இரண்டு அணுக்கள் ஜோடி சேர்ந்து ஒரு மூலக்கூறு. நம் ஊர் வெப்பநிலையில், சாதாரணக் காற்றழுத்தத்தில் அது வாயு. 1774இல் ஸ்வீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலெ என்ற மருந்துக் கடைக்காரர் மாங்கனீஸ் தாதுவின் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினார். மூச்சை அடைக்கும் நெடியோடு மஞ்சள் வாயு ஒன்று கிளம்பியது. லிட்மஸ் தாளும், பூக்களும், பச்சை இலைகளும் அதில் வெளுத்துப்போவதைக் குறித்து வைத்தார். அது ஒரு தனிமம் என்று அவருக்குத் தெரியாது. பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. ஆக்சிஜன் கலந்த ஏதோ சேர்மம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1810இல்தான் லண்டனில் ஹம்ப்ரி டேவி, இதை எப்படிப் பிரித்தாலும் வேறெதுவும் வரவில்லை, இது தனிமம்தான் என்று அடித்துச் சொன்னார்.

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டுவார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வருகிற வாயுவை ஒரு குழாய் வழியாகக் கண்ணாடி ஜாடியின் அடிவரை கொண்டுபோய் விடுவார்கள். குளோரின் காற்றைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம் என்பதால் அது அடியில் தங்கி, காற்றை மேலே தள்ளிக்கொண்டே நிரம்பும். ஜாடி நிரம்பிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஜாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிப்பார்கள். தாள் இல்லாமல் பார்த்தால், குறிப்பாகப் பின்னால் கறுத்த மேஜை இருந்தால், ஜாடி காலி என்றே சத்தியம் செய்வீர்கள். தாளைப் பிடித்ததும் பச்சை கலந்த மஞ்சள் தெரியும். கீழிருந்து அது ஏறிக்கொண்டே வரும்.

ஏன் இப்படி மங்கல்? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் குளோரின் ஊதாவையும் நீலத்தின் ஓரத்தையும் மட்டும் கொஞ்சம் உறிஞ்சுகிறது. அது ஆசையாக விழுங்குவது புறஊதாக் கதிரை. அதாவது அதனுடைய பசியின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில் இருக்கிறது. ஊதாவில் கொஞ்சம் கழிந்தால் மிச்சம் நிற்பது வெளிறிய பசுமஞ்சள். ஆகவே கொஞ்சமாக இருந்தால் நிறம் தெரியாது. ஆழமாக, அடர்த்தியாக இருந்தால்தான் தெரியும்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் நிலையங்களில் குளோரினேட்டர் என்று ஒரு கருவி. அதில் செங்குத்தாக ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்ன மிதவை. வாயு எவ்வளவு போகிறது என்பதை அந்த மிதவை நிற்கும் உயரத்தைப் பார்த்துச் சொல்வோம். குழாய்க்குள் ஓடுவது சுத்தமான குளோரின். ஆனால் உற்று உற்றுப் பார்த்தாலும் நிறம் தெரியாது. குழாய் அவ்வளவு மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. மிதவை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள், 'சார், மஞ்சளா தெரியுதே!' என்று சந்தோஷமாகக் காட்டுவார்கள். அவர்கள் காட்டுவது கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் கறை. இரும்புக் குழாயிலிருந்து வரும் ஃபெரிக் குளோரைடு மாதிரியான அழுக்குகள். கழற்றித் துடைத்தால் போய்விடும்.

கிராமங்களில் டேங்க் ஆபரேட்டர் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்தை விட்டதும் தண்ணீர் மஞ்சளாகும். அந்த மஞ்சளும் குளோரினின் மஞ்சள் அல்ல. ஆர்த்தோடாலிடின் என்ற மருந்து குளோரினோடு சேர்ந்து காட்டும் நிறம் அது. வேறு மருந்து போட்டால் அதே தண்ணீர் இளஞ்சிவப்பாகும். குழாய் முனையில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருந்தால் போதும் என்பது கணக்கு. அவ்வளவு சொற்பத்துக்கு என்ன நிறம் இருக்கும்?

மூக்கு கண்ணைவிடக் கெட்டிக்காரத்தனமானது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு குளோரின் இருந்தாலே மூக்கு சொல்லிவிடும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற அளவுக்கு இருந்தால், அந்த இடத்தில் நீங்கள் நிற்கவே கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் கழுவும்போது பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு, கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுகிறார்கள். பொடிக்குள் கட்டுண்டு கிடந்த குளோரின் அப்படியே அவிழ்ந்து வாயுவாகக் கிளம்பும். ஷீலெ செய்த வேலைக்கு அண்ணன் தம்பி வேலைதான் இது. ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில், குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேராக. கனமான வாயு வேறு, கீழேயே நிற்கும். தயவுசெய்து இரண்டையும் சேர்க்காதீர்கள்.

அந்தக் கனம் மனிதனுக்கு என்ன செய்யும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம், பெல்ஜியத்தின் ஈப்ர. முதல் உலகப் போர், 1915 ஏப்ரல் 22, மாலை நேரம். ஜெர்மானியப் படை ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்து 150 டன்னுக்கும் அதிகமான குளோரினைக் காற்றில் விட்டது. மேற்பார்வை செய்தவர் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற பெரிய வேதியியலர். எதிரில் இருந்த பிரெஞ்சு, அல்ஜீரிய வீரர்கள் முதலில் கண்டது பசுமஞ்சள் மேகம் ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வருவதை. குண்டுக்குத் தப்பிக்கத்தான் பதுங்கு குழி. குளோரின் அந்தக் குழிக்குள்தான் முதலில் இறங்கியது. நாலு நாள் கழித்து, 26ஆம் தேதி, அதே போர்முனையில், பிரிட்டிஷ் இந்தியப் படையின் லாகூர் டிவிஷனில் இருந்த நம் சிப்பாய்களும் இந்த வாயுவுக்குள் மாட்டினார்கள். அவர்கள் யாரும் குளோரினைப் பற்றிப் படித்தவர்கள் இல்லை. நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சரி, வாயுவை விடுவோம். திரவத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த கதை இங்கேதான் இருக்கிறது. இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷீலெக்குப் பிறகு ஐரோப்பாவில் பலரும் இந்த வாயுவைக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் நன்றாகச் சில்லிட்டிருந்தால், பாத்திரத்துக்குள் மஞ்சள் படிகங்கள் பூத்தன. ஆகா, வாயு உறைந்து கட்டியாகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். டேவிக்குச் சந்தேகம். அவர் சோதித்துப் பார்த்து, உலர்ந்த குளோரினைக் குளிர வைத்தால் இந்தப் படிகம் வருவதில்லை, ஈரம் இருந்தால்தான் வருகிறது, ஆகவே இது தண்ணீரும் குளோரினும் சேர்ந்த படிகம் என்று சொன்னார். பத்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தண்ணீரில்தான் அது நிலைக்கும். நம் சமவெளி ஊர்க்காரர்கள் ஐஸ் வைத்தால் ஒழியப் பார்க்க முடியாது. குளிர் தேசங்களில் குளோரினேட்டர் குழாயை இந்தப் படிகம் வந்து அடைத்துக்கொள்வது இன்றைக்கும் நடக்கிற தொந்தரவு.

1823 மார்ச் மாதம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். அங்கே டேவியிடம் உதவியாளராகச் சேர்ந்து வளர்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. வயது 31. பள்ளிப்படிப்பு சொற்பம், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் கற்ற ஆள். மின்சாரத்தில் அவர் செய்த பெரிய வேலைகள் பின்னால் வரப்போகின்றன. அப்போது குளிர்காலம் இன்னும் முடியவில்லை. இந்த மாதிரிப் படிகம் செய்ய அதுதான் பருவம். ஃபாரடே படிகத்தைச் செய்து, அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குளோரின் என்று அளந்துகொண்டிருந்தார். டேவி வந்து பார்த்துவிட்டு, இதை இரண்டு பக்கமும் மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கிப் பாரேன் என்றார். என்ன நடக்கும் என்று தான் எதிர்பார்ப்பதை அவர் சொல்லவில்லை.

ஃபாரடே படிகத்தைக் குழாயில் போட்டு, முனையை உருக்கி மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தார். 15, 16 டிகிரியில் ஒன்றும் நடக்கவில்லை. 38 டிகிரிக்குக் கொண்டுபோனார். படிகம் உருகியது. குழாய் முழுவதும் மஞ்சள் ஆவி. அடியில் பார்த்தால் இரண்டு திரவங்கள். முக்கால் பங்கு, தண்ணீரைப் போன்றது, லேசான மஞ்சள். மீதிக் கால் பங்கு, கனமாக, பளிச்சென்ற மஞ்சளாக, அதற்கு அடியில் தனியாக நிற்கிறது. ஒன்றோடொன்று கலக்கவில்லை.

அந்த நேரத்தில் டாக்டர் பாரிஸ் என்ற மருத்துவர் ஆய்வகத்துக்கு வந்தார். டேவியின் நண்பர், பிற்பாடு டேவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். குழாயைப் பார்த்தார். உள்ளே எண்ணெய் மாதிரி ஏதோ. என்னப்பா, குழாயைக் கழுவாமலா பரிசோதனை செய்கிறாய் என்று கேலி செய்தார். நல்ல ஆய்வகக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது, உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஃபாரடே குழாயின் முனையை அரத்தால் அறுத்தார். டப்பென்று வெடித்தது. எண்ணெயைக் காணோம்! அறையில் குளோரின் நெடி மட்டும். பாரிஸ் போய்விட்டார். மறுநாள் காலை அவருக்கு ஒரு துண்டுக் கடிதம் வந்தது. 'அன்புள்ள ஐயா, நேற்று நீங்கள் கவனித்த அந்த எண்ணெய், திரவக் குளோரின் என்று தெரிய வருகிறது. இப்படிக்கு, எம். ஃபாரடே.' அவ்வளவுதான் கடிதம். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கடிதம் இது. கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் இரண்டும் இருக்கின்றன.

நியாயமாக இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். தாமஸ் நார்த்மோர் என்ற ஆங்கிலேயர் 1805, 1806 வாக்கிலேயே குளோரினை அமுக்கித் திரவமாக்கிப் பார்த்திருந்தார். ஃபாரடேயே பின்னால் அதை எழுதி ஒப்புக்கொண்டார். கண்ணாடிக் குழாய்களோடு ஃபாரடே பட்ட பாடும் கொஞ்சமல்ல. ஒருமுறை குழாய் வெடித்துக் கண்ணில் சில்லுகள் புகுந்து, சில நாள் படுக்க வேண்டியதாயிற்று.

கதை இருக்கட்டும். இதில் நமக்கு விளங்க வேண்டியது ஒன்று உண்டு. சூடாக்கினால் திரவம் ஆவியாகும் என்றுதானே பழக்கம்? ஃபாரடே சூடாக்கியதால் அல்லவா திரவம் கிடைத்தது? அது எப்படி? குழாய் மூடியிருந்ததுதான் காரணம். படிகம் உடைந்து வெளியே வந்த குளோரினுக்குப் போக வழியில்லை. தன் நெருக்கடியில் தானே நசுங்கித் திரவமாகிவிட்டது. திறந்த வெளியில் குளோரினைத் திரவமாக்க வேண்டும் என்றால் சுழியத்துக்குக் கீழே 34 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். அமுக்கி வைத்தால் அந்தக் குளிர் தேவையில்லை. 20 டிகிரியில் காற்றழுத்தத்தைப்போல ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் இருந்தாலே போதும். 40 டிகிரியில் பதினோரு மடங்கு வேண்டும். ஃபாரடேயின் வெந்நீர் 38 டிகிரி என்றேனே, அது நம் கத்திரி வெயில். அதாவது சித்திரை, வைகாசி மத்தியானத்தில்கூட இரும்புக் கலத்துக்குள் குளோரின் திரவமாகவே இருக்கும்.

அந்த இரும்புக் கலம்தான் எங்கள் டோனர். பெரிய நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், படுக்கை வசத்தில் உருளை உருளையாகக் கிடக்கும். ஒன்றில் சுமார் 900 கிலோ குளோரின். உள்ளே பெரும்பகுதி திரவம், அதன் மேலே கொஞ்சம் இடத்தில் வாயு. திரவம் சூட்டில் விரியும் என்பதால் அந்த இடத்தை விட்டுத்தான் நிரப்ப வேண்டும். வீட்டு சமையல் காஸ் சிலிண்டரும் இதே சங்கதிதான். குலுக்கினால் உள்ளே சளசள என்று கேட்கிறது, அடுப்பில் வருவது மட்டும் வாயு. காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, தூக்கித்தான் பார்க்கிறோம். டோனரிலும் அப்படியே. திரவம் ஒரு வாளி அளவு இருந்தாலும், முக்கால் கலம் இருந்தாலும், ஒரே வெப்பநிலையில் அழுத்தம் ஒன்றுதான். மானியில் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். தீர்ந்துபோகும் தறுவாயில்தான் திடீரென்று விழும். அதனால் டோனரைத் தராசு மேல் வைத்தே வேலை செய்வோம்.

டோனரின் ஒரு தலைப்பக்கத்தில் இரண்டு வால்வுகள் உண்டு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, செங்குத்தாக நிற்கும்படி டோனரை உருட்டி நிறுத்த வேண்டும். உள்ளே இரண்டு வால்விலிருந்தும் வளைந்த குழாய்கள் போகின்றன, ஒன்று மேல் சுவரை நோக்கி, மற்றது கீழ்ச் சுவரை நோக்கி. மேல் வால்வைத் திறந்தால் வாயு வரும். கீழ் வால்வைத் திறந்தால் திரவம் வரும். ஒரே கலம், ஒரே பொருள், கை வைக்கும் இடத்தைப் பொறுத்து வேறு வேறு. நான் சொல்லிக்கொண்டே இருக்கும் கேள்வி இதுதான். வாயுவா, திரவமா?

எங்களிடம் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. காலையில் வந்ததும் டோனரின் மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வருவார். மேல் பாதி உலர்ந்து, அறைச் சூட்டில் இருக்கும். ஓர் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். அதற்குக் கீழே இரும்பு ஜில்லென்று, நனைந்து இருக்கும். 'இது வரைக்கும் இருக்கு சார்' என்பார். தராசைப் பார்த்தால் ஏறத்தாழ ஒத்துவரும். விஷயம் என்னவென்றால், வாயுவை எடுக்க எடுக்க உள்ளே திரவம் கொதித்து வாயுவாகிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் தன்னைத் தொட்டிருக்கும் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. திரவம் தொடும் பகுதி மட்டும் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அங்கே முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது. புது உதவியாளர் ஒருவர் ஒருநாள் ஓடி வந்து, 'சார், டோனருக்கு வேர்க்குது!' என்றார். சரியாகத்தான் பார்த்திருந்தார். அளவுக்கு மீறி வேகமாக வாயுவை உறிஞ்சினால் வேர்வை போய் வெள்ளையாக உறைபனியே படியும், வெளியே வெயில் கொளுத்தும்போது! அப்படிப் பனி படிந்தால் உள்ளே அழுத்தம் விழுந்து, வாயு வருவது தளர்ந்துபோகும். அவசரப்பட்டு அதை அடுப்பு வைத்தோ வெந்நீர் ஊற்றியோ சூடாக்கக் கூடாது. டோனரில் எழுபது டிகிரிச் சொச்சத்தில் உருகும் உலோக அடைப்பான்கள் இருக்கின்றன, தீ விபத்தில் கலம் வெடித்துவிடாமல் இருப்பதற்காக. அவை உருகினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். வேகத்தைக் குறைத்தால் டோனர் தானே தேறிக்கொள்ளும்.

இப்போது கசிவுக்கு வருகிறேன். டோனரின் உடம்பில் எங்கேயோ ஓட்டை, திரவம் பீச்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன செய்வார்கள்? முடிந்தால் டோனரை உருட்டி, ஓட்டையை மேல் பக்கம் கொண்டுவருவார்கள். ஓட்டை அடைபட்டுவிடாது, ஆனால் இனி அது வழியாக வருவது வாயு. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் 450 லிட்டருக்கும் மேலே வாயுவாக விரியும். ஆக, அதே ஓட்டை வழியாகத் திரவம் போவதைவிட வாயு போனால் ஆபத்து பல மடங்கு குறைவு. அடைப்பது, கவசம் போடுவது, காஸ்டிக் கரைசலில் செலுத்திக் கொல்வது எல்லாம் அடுத்த கட்டம்.

தண்ணீரை மட்டும் பீச்சக் கூடாது. உலர்ந்த குளோரின் சாதாரண வெப்பநிலையில் இரும்பை ஒன்றும் செய்யாது, அதனால்தான் இரும்புக் கலத்தில் அடைக்க முடிகிறது. ஈரம் சேர்ந்தால் இரும்பைத் தின்னும். ஊசித் துளை விரல் துளையாகும். போதாததற்குத் தண்ணீரின் வெப்பம் குளிர்ந்து கிடக்கும் திரவத்தை இன்னும் வேகமாகக் கொதிக்க வைக்கும். சின்னக் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, ஒரு குச்சி நுனியில் துணி சுற்றி அம்மோனியா கரைசலில் நனைத்து இணைப்புகளுக்கு அருகே காட்டுவோம். கசிவு இருக்கும் இடத்தில் பளிச்சென்று வெண்புகை கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத பசுமஞ்சளை வெள்ளையாக்கிப் பார்க்கிற தந்திரம்.

திரவம் பெரிய அளவில் கொட்டினால் எப்படி இருக்கும் என்பதை உங்களில் பலர் செல்போனில் பார்த்திருக்கிறீர்கள். 2022 ஜூன் 27, ஜோர்டான் நாட்டின் அகபா துறைமுகம். கிரேனில் கப்பலுக்கு ஏற்றிக்கொண்டிருந்த குளோரின் தொட்டி, கம்பி அறுந்து தளத்தில் விழுந்தது. கண்காணிப்பு கேமராவில் பதிவான காட்சி வாட்ஸப்பில் சுற்றியது. சில நொடிகளில் அழுத்தமான மஞ்சள் மேகம் கப்பலையும் துறைமுகத்தையும் மூடுகிறது. 13 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த என் உறவினர் ஒருவர், இது கிராஃபிக்ஸ் என்றார், வாயுவுக்கு இப்படி நிறம் இருக்குமா என்றார். இருக்கும். ஜாடிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தால்தான் தெரியும் நிறம், டன் கணக்கில் ஒரே இடத்தில் குவியும்போது வெயிலில் அப்படித்தான் தெரியும். இப்படி ஒன்றை எப்போதாவது பார்க்க நேர்ந்தால், படம் எடுக்க நிற்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். குறுக்காக விலகி, காற்று வரும் திசையைப் பார்த்து, மேடான இடத்துக்குப் போங்கள். பள்ளத்தில் இறங்க வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கியாம். ஃபாரடே என் நேரத்தைத் தின்றுவிட்டார். கட்டியான குளோரினைப் பற்றி எழுதிக்கொண்டு வந்ததை எல்லாம் விட்டுவிட்டு, முக்கியமானதை மட்டும் ஓட்டமாகச் சொல்கிறேன்.

சுழியத்துக்குக் கீழே 101 டிகிரிக்குப் போனால் திரவக் குளோரின் உறையும். டேவி காலத்தில் தவறாக நினைத்த தண்ணீர்ப் படிகம் இல்லை, நிஜமான கட்டிக் குளோரின். வெளிர் மஞ்சள் படிகம். இதைத் தொழிலில் யாருக்கும் தேவையில்லை, நானும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. இன்னும் குளிர வைத்து, திரவ நைட்ரஜனின் குளிருக்கு, அதாவது சுழியத்துக்குக் கீழே 195 டிகிரிக்குக் கொண்டுபோனால் அந்த மஞ்சளும் வெளுத்து, ஏறக்குறைய நிறமே இல்லாமல் போய்விடுகிறது. ஊதாவைக் கொஞ்சம் உறிஞ்சுகிறது என்றேன் அல்லவா? குளிரக் குளிர அந்த உறிஞ்சல் சுருங்கி, புறஊதாப் பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. பசுமஞ்சள் என்ற அந்தப் பாடப்புத்தக வரி நம் அறைச் சூட்டுக்கு மட்டும் எழுதிய வரி.

அதன் உறவுக்காரர்களையும் பார்த்தால், ஃபுளோரின் இன்னும் வெளிறிய மஞ்சள் வாயு, சுழியத்துக்குக் கீழே 188 டிகிரியில்தான் திரவமாகும். புரோமின் அறைச் சூட்டிலேயே செம்பழுப்புத் திரவம். அயோடின் கறுத்த, பளபளப்பான கட்டி, சூடாக்கினால் ஊதா ஆவி. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக நிறம் அடர்ந்துகொண்டே போகிறது, கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. அயோடினின் ஊதா ஆவியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு நாள் பேசலாம். மறுபடி கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.